டார்ச்சுக்கு இரண்டு தட்டு

டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள் பாண்டிச்செல்வி. வெளிச்சம் வரவில்லை. கிடங்கின் உள்கோடியிலிருந்து அதே மாதிரி இரண்டு தட்டுச் சத்தம் மட்டும் வந்தது.

எதிரொலி என்றுதான் நினைத்தாள். அடுத்த நொடியே இல்லை என்று பட்டது. செல்லூர்த் தறிப்பட்டறையில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா என்ன, தரையிலிருந்து கூரை வரை நூல் மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி கிடையாது. போடுகிற சத்தத்தையெல்லாம் பஞ்சு குடித்துவிடும்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும், தறி ஓடாது என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நாளைக்கு வேண்டிய நூலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாமே என்று இவள் மட்டும் டார்ச்சோடு ஜன்னல் இல்லாத இந்தக் கிடங்குக்குள் வந்தாள். யார் உள்ளே வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது பட்டறையின் வழக்கம். பூட்டுகிறவன் அதைப் பார்த்துத்தான் பூட்டுவான். இன்றைக்குப் பார்த்து வாசலில் சாயத் தண்ணீர் கொட்டிக் கிடந்ததால் செருப்போடே வந்துவிட்டாள். மேஸ்திரி அழகுராஜா வாசலைப் பார்த்திருப்பான், செருப்பு இல்லை, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பான். அவள் ஓடி வருவதற்குள் டார்ச்சும் அணைந்துவிட்டது.

கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். அவளுக்கு வீசிங் உண்டு. இழுக்கிற ஸ்ப்ரேயும் செல்போனும் பைக்குள், பை வெளியே தறிமேல் இருக்கிறது. ஏற்கெனவே பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தது. நாளைக் காலையில் கதவு திறக்கிற வரை தாங்காது. பின்கோடியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். ஆனால் மூட்டைச் சந்துகளுக்குள் நுழைந்து அதைத் தேடிப் பிடிக்க வெளிச்சம் வேண்டும்.

தட்டுச் சத்தம் வந்ததும் அந்தக் கோடியிலிருந்துதான்.

மூடியைத் திருகினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள், இது விரல் தண்டி டார்ச். மூன்று பேட்டரியையும் உருவி, மேடு எந்தப் பக்கம், தட்டை எந்தப் பக்கம் என்று கட்டைவிரலால் தடவி, முந்தானையில் துடைத்தாள். ஸ்பிரிங்கில் துரு நெருநெருத்தது. நகத்தால் சுரண்டினாள். கை வியர்வையில் ஒரு பேட்டரி வழுக்கி விழுந்து உருண்டது. தரை உள்பக்கம் சரிவு. உருண்டு உருண்டு, மூட்டைகளுக்கு நடுவே எங்கோ போய் நின்றது.

அவள் மண்டியிட்டுத் துழாவினாள். சிமெண்டுத் தரை, சணல் இழை, பஞ்சு. எழுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மறுபடி உருளும் சத்தம். மெதுவாக. மேட்டில் ஏறி வந்து, அவள் செருப்பு நுனியில் முட்டி நின்றது.

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை. பேட்டரியை எடுத்தாள். ஈரமாக இருந்தது, சாய வாடை அடித்தது. துடைத்துப் போட்டாள். எரியவில்லை. இடுப்புச் சுருக்குப்பையில் காலி மாத்திரை அட்டை இருந்தது. அதன் ஈயத்தாளைக் கிழித்து, நாலாக மடித்து, ஸ்பிரிங்குக்கு அடியில் செருகி மூடியை இறுக்கினாள். இனி பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

அப்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரு? பாண்டிச்செல்வி அக்காவா?" அழகுராஜாவின் குரல்.

"நாந்தான் தம்பி. கதவத் தொற. மூச்சு முட்டுது."

"அடப்பாவமே. சாவிய மொதலாளி வீட்டுல குடுத்துட்டேனேக்கா. டிபன் டப்பாவ மறந்துட்டேன்னு எடுக்க வந்தேன், வந்தா வாசல்ல உங்க செருப்பு கெடக்கு. பூட்டும்போது நல்லாப் பாத்தேனே, சத்தியமா இல்ல."

அவள் கால்விரல்களைச் சுருக்கிப் பார்த்தாள். செருப்பு வார் விரலுக்கிடையில் இருந்தது. இரண்டு காலிலும்.

"தம்பி, போயிராத. அது என் செருப்பு இல்ல" என்றாள். பாதி வார்த்தையை இருமல் தின்றுவிட்டது.

"என்னக்கா, கேக்கல. ரப்பர் செருப்பு, தொப்பலா நனைஞ்சு கெடக்கு. பத்தே நிமிசம், சாவியோட வாரேன். கதவு கிட்டயே நில்லுங்க."

காலடி ஓடித் தேய்ந்தது.

பத்து நிமிடம். அவள் முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டாள். சாய வாடை இப்போது முகத்துக்கு நேரே அடித்தது. அவ்வளவு நேரம் வெளிச்சத்துக்கு அழுதவள், இப்போது எரிந்துவிடக் கூடாதே என்று பயந்தாள். கட்டைவிரல் தானாகவே அமுக்கிவிட்டது.

எரிந்தது.

வெளிச்சம் கீழே விழுந்தது. தரை. அவளுடைய செருப்புக் கால்கள். அவற்றுக்கு எதிரே, பெருவிரலோடு பெருவிரல் முட்டும்படி, இரண்டு வெறுங்கால்கள். நனைந்து ஊறியவை. நகங்களில் நீலச் சாயம்.

டார்ச்சை அவள் உயர்த்தவில்லை. உயர்த்த முடியவில்லை.

வெளிச்சம் மங்கியது. சிவந்தது. அணைந்தது.

இருட்டு. அவளுடைய மூச்சின் விசில்.

அவள் கையிலிருந்த டார்ச்சின் மேல், யாரோ விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.