மூடியாச்சா?

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். "அதை எடு", "இதை அங்க வை", "அது என்ன ஆச்சு?" என்றுதான் பேச்சு. எதை, எங்கே என்பதெல்லாம் நாமே கண்டுபிடிக்க வேண்டும். இதில் அப்பாவும் அவருடைய தம்பியான என் சித்தப்பாவும் சூரப்புலிகள். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று மதியம் வீட்டின் பின்புறம் பார்பிக்யூ அடுப்பை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். சக்கரம் வைத்த பெரிய இரும்பு அடுப்பு அது. மேலே கனமான மூடி, முன்னால் மூன்று திருகுகள், கீழ்த் தட்டில் கேஸ் சிலிண்டர். ஓரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கும், தீ பற்றிக்கொள்ளும். அந்தப் பொத்தானை நான் தொடக் கூடாது. அப்பா தொடலாம். சித்தப்பா, அப்பா பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடலாம்.

கோழித் துண்டுகளைப் புரட்டிப் போடும் வேலை சித்தப்பாவுக்கு. "வெந்திருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே நான்கு துண்டுகளை முடித்துவிட்டார்.

"சித்தப்பா, அது இன்னும் வேகலையா?"

"அஞ்சாவதைப் பாத்தாதான் தெரியும், வாலு."

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை. அப்பா தட்டுகளோடு ஓடினார். அம்மா நாற்காலி மெத்தைகளை அள்ளிக்கொண்டார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குள் பாய்ந்தேன். கடைசியாகச் சித்தப்பா சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்.

சமையலறையிலிருந்து அப்பா கத்தினார். "டேய், மூடியாச்சா?"

"மூடியாச்சுண்ணா!" என்று சித்தப்பாவும் கத்தினார்.

அவ்வளவுதான். எல்லோரும் தலையைத் துவட்டிக்கொண்டு முதல் சுற்றுக் கோழியைச் சாப்பிட்டோம்.

கால் மணி நேரத்தில் மழை விட்டது. நான்தான் முதலில் வெளியே போனேன். என் செருப்பு ஒன்று அடுப்புக்கு அடியில் போய்க் கிடந்தது. எடுப்பதற்காகக் குனிந்தேன்.

உவ்வே! அழுகின முட்டை நாற்றம்.

நிமிர்ந்தேன். நாற்றம் இல்லை. இது என்னடா கூத்து என்று மறுபடி குனிந்தேன். அதே நாற்றம். காலடியில் மட்டும் எப்படி நாறும்? என் செருப்பா? செருப்பை முகர்ந்து பார்த்தேன். அது பாவம், அதன் வழக்கமான வாசனையோடுதான் இருந்தது.

அப்போது மூடிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. உஸ்ஸ்ஸ்...

முன்பக்கத் திருகுகளைப் பார்த்தேன். மூன்றும் திறந்திருந்தன. ஆனால் தீ எரியும் சத்தம் கொஞ்சமும் இல்லை.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பொத்தான் மழையில நனைஞ்சிருக்கும். வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாக்கறேன்." ஒரு கையில் அடுத்த சுற்றுக் கோழித் தட்டு. அவர் மூடிக்கு நேராகக் குனிந்து, இன்னொரு கையைப் பொத்தானுக்கு நீட்டினார்.

"அப்பா! தொடாதீங்க! கேஸ்!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்பாவின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. தட்டு 'டமார்' என்று தரையில் விழுந்தது.

"என்ன சத்தம்? ஒரே இருட்டா இருக்கே, லைட்டைப் போடட்டுமா?" என்று அம்மா கதவருகே வந்தார்.

"வேண்டாம்மா! சுவிட்சைத் தொடாதீங்க!" என்று மறுபடி கத்தினேன்.

அம்மா சிலையாக நின்றுவிட்டார். அப்பாவுக்கும் இப்போது அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. குனிந்து சிலிண்டரின் திருகைச் சுற்றி மூடினார். உஸ்ஸ் நின்றது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். "எல்லாரும் வாசலுக்கு! எதையும் தொடாதீங்க! டேய், நீயும் வாடா!"

நாங்கள் நான்கு பேரும் தெருவில் போய் நின்றோம். எனக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு. அப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "மூடியாச்சான்னு கேட்டேன்ல?"

"மூடியாச்சுன்னு சொன்னேன்ல?"

"அப்புறம் எப்படிடா கேஸ் வரும்?"

"எனக்கென்னண்ணா தெரியும்? நான் மூடினேன். சத்தியமா மூடினேன்!"

"பொய் சொல்லாதே!"

"நான் ஏன் பொய் சொல்லணும்?" சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. எப்போதும் சிரிக்கிற மனிதர். அவர் அழப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"சித்தப்பா, எதை மூடினீங்க?" என்று கேட்டேன்.

"மூடியைத்தான்! மழைத் தண்ணி உள்ள விழுமேன்னு படார்னு மூடினேன்."

அப்பா வாயைப் பிளந்தார். "மூடியை யாருடா கேட்டா? நான் சிலிண்டரைக் கேட்டேன்!"

"மூடியாச்சான்னா மூடியைத்தானே மூடணும்?"

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. காற்றிலோ, மூடி விழுந்த வேகத்திலோ தீ அணைந்திருக்கிறது. நாங்கள் உள்ளே விரலை நக்கிக்கொண்டிருந்த கால் மணி நேரமும் கேஸ் மூடிக்குள் நிறைந்து, தரையில் வழிந்து படுத்துக் கிடந்திருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் நின்றிருந்தவர்களின் மூக்குக்கு எட்டவே இல்லை.

"இனிமே நீ அந்த அடுப்புப் பக்கமே வராதே" என்றார் அப்பா.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, அவர் பொய் சொல்லலை. நீங்களும் எதைன்னு கேக்கலை" என்றேன். "ரெண்டு பேரும் பாதிப் பாதிதான் பேசினீங்க."

அப்பா என்னை முறைத்தார். அம்மா அப்பாவை முறைத்தார். அம்மாவின் முறைப்புதான் ஜெயித்தது.

"ஆமாடா. தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றார் அப்பா. தம்பியின் தோளில் கை வைத்தார்.

வெகுநேரம் கழித்து அப்பா மட்டும் உள்ளே போய், ஜன்னல்களைத் திறந்து, அடுப்பின் மூன்று திருகுகளையும் அடைத்து, மூடியை மட்டும் திறந்து வைத்துவிட்டு வந்தார். நாற்றம் முழுதாகப் போன பிறகே எங்களை உள்ளே விட்டார். சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து, குழாயிலும் இணைப்பிலும் சித்தப்பாவே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. நம்ம வாய்தான் சரியில்ல" என்றார் சித்தப்பா, சிலிண்டரை மூடியபடி. "சிலிண்டரை மூடிட்டேன்ணா. சிலிண்டரை!"

அன்றைக்கு யாரும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. மீதிக் கோழியைக் கழுவி, அம்மா சமையலறை அடுப்பில் வைத்தார்.

அப்பா என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "எப்படிம்மா அவ்வளவு சட்டுன்னு கத்தின?"

"தெரியலைப்பா. உங்க முகம் மூடிக்கு நேரா இருந்துச்சு..."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அதுவரை எங்கேயோ ஒளிந்திருந்த அழுகை முழுதும் ஒரேயடியாக வந்துவிட்டது. அப்பா என்னை அப்படியே தூக்கிக்கொண்டார்.

"பத்து வயசுப் பொண்ணைத் தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். இறக்கி விடுங்க" என்றார் அம்மா.

"பிடிக்கட்டும்" என்றார் அப்பா. அவர் என்னை இறக்கவே இல்லை.