இரண்டு இழுப்பு

பள்ளத்தில் இறங்கினால் சத்தம் வராது. பல் டாக்டர் ஜெயசிங்குக்கு முதலில் மனசில் இடித்தது அதுதான். வழுவழுப்பான துறைமுகச் சாலையில், உப்பும் கருவாடும் கலந்த காற்று முகத்தில் அடிக்க, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் அவன் தனியாகப் போகும்போது மட்டும், இடது பின்சக்கரத்துக்கு மேலிருந்து அது கிளம்பும். டொக், டொக். கொஞ்ச தூரம் அமைதி. மறுபடியும் டொக், டொக். யாரோ கீழே இருந்துகொண்டு பொறுமையாகத் தட்டுவதுபோல் இருக்கும்.

இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே பேர் உட்காரலாம். புதுத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கைத் தோணியில் இறக்கிய காலத்தில், தோணி சரிந்து இந்தக் கார் கடலுக்குள் போனது. பிறகு தூக்கி ஏலத்தில் விட்டார்கள். ஜெயசிங் எடுத்தபோது ஊரே சிரித்தது. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, சீட்டு மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்டிக் காட்டினான். சத்தத்தை மட்டும் விரட்ட முடியவில்லை.

மதுரை டீலர் ஷாக் அப்சார்பரை மாற்றினார். திருநெல்வேலி டீலர் ரப்பர் புஷ்களை மாற்றிவிட்டு, உங்கள் ஊர் ரோடு சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். வலிக்கிற பல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்குகிறார்களே என்று ஜெயசிங்குக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சத்தத்தைக் கேட்க மெக்கானிக் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அது நின்றுவிடும். அவர் இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

"ஆள் ஏறினா அமைதியாயிருது சார். துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க," என்று திருநெல்வேலி மெக்கானிக் கேலி பேசினார். ஜெயசிங்கும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் காலையில் இடது சீட்டு நனைந்திருந்தது. கார் ஷெட்டுக்குள்தான் நின்றது, மழையும் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது. அதன்பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் மனைவி தேவகனிக்கு அது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாசரேத்தில் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். வாடகைக் கார் பிடிக்கலாம்தான். ஆனால் ஊர் சிரித்த காரிலேயே அவளை ஏற்றிப்போய் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தவேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு இருந்தது.

தூத்துக்குடியிலேயே ஒரு டீலர் புதிதாக ஷெட் திறந்தபோது கடைசியாக அங்கே போனான். ஃபோர்மேன் இன்பமணி கடற்கரைத் தெருக்காரர். அவர் காரில் ஏறவே இல்லை. ஜெயசிங்கைத் தனியாக வளாகத்தைச் சுற்றி ஓட்டச் சொல்லிவிட்டு நின்று கேட்டார். முகம் வெளுத்தது.

"இன்னொரு சுத்து வாங்க சார்."

இரண்டாவது சுற்று முடிந்ததும் ஜாக்கி வைத்தார். எந்த டீலரும் கை வைக்காத துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றினார். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது ஒரு துண்டுக் கயிறு. தென்னைநார்க் கயிறு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஈரமாக இருந்தது.

"கார் விழுந்தப்போ, கொக்கி மாட்ட உள்ள இறங்குனது எங்க மச்சான் சந்தியாகு சார். எங்க தங்கச்சி மரியசெல்வி மாப்பிள்ளை. சங்கு குளிக்கிறவரு," என்றார் இன்பமணி. "குளிக்கிறவன் கயித்த மச்சினன்தான் பிடிக்கணும். கூடப்பிறந்தவ தாலியாச்சேன்னு அவன்தான் கண்ண மூடாம நிப்பான். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். எவனோ ஒரு கூலிக்காரன் பிடிச்சிருக்கான்."

"அதுக்கும் இந்தச் சத்தத்துக்கும் என்ன?"

"ரெண்டு தரம் இழுத்தா, என்னையத் தூக்குன்னு அர்த்தம் சார். அவனுக்குத் தெரியல. கொக்கி மாட்டியாச்சுன்னு நெனச்சி காரைத் தூக்கச் சொல்லிட்டான். கார் வந்துச்சி. கயிறு அறுந்து வந்துச்சி."

"ஆள்?"

இன்பமணி கயிற்றைத் துணியில் சுற்றினார். "சாமியார்ட்ட ஜெபம் பண்ணச் சொல்லி கடல்ல விட்டுருதேன். ஆனா கயிறுதான் வெளிய வந்திருக்கு சார். ஆள் வரல. அந்த சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க."

ஜெயசிங் தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்தான். துறைமுகச் சாலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கயிறு இடித்தது, கயிறு போயிற்று, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இடது சீட்டின் மேல் ஒரு கனத்த துண்டை விரித்துவைத்தான்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் நாசரேத்துக்குப் புறப்பட்டார்கள். முள்ளக்காடு தாண்டியதும் இருபுறமும் உப்பளம். குவித்த உப்பின் மேல் கடைசி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, எஞ்சின் சத்தம்கூட எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல அடங்கிக் கேட்டது.

"சத்தமே இல்ல, பாத்தியா? குலுங்குதா?"

"இல்லங்க," என்றாள் தேவகனி. "மெதக்குத மாதிரி இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். கார் இடது பக்கமாகத் தாழ்ந்திருந்தது. அவள் ஒருத்தி எடைக்கு அவ்வளவு தாழாது. பாசி வாசனை வந்தது.

"காலு ரெண்டும் சில்லுன்னு இருக்குங்க."

"கண்ணாடிய ஏத்திக்கோ."

அவள் ஏற்றவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவன் சாலையைப் பார்த்தபடியே காது கொடுத்தான். ஏழு மாதத்துக்காரி புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குவாள். அதைத் தேடினான்.

மூச்சு கேட்கவில்லை.

அவன் சட்டைக் கையை ஏதோ இழுத்தது. ஒரு தரம்.

பிரேக்கை மிதித்தான். இன்னொரு தரம்.

திரும்பினான். தேவகனியின் கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகள் இறுகியிருந்தன. விரித்த கண்கள் மேலே எதையோ பார்த்தன. காற்றே இல்லை. ஆனால் அவள் கூந்தல் தோளை விட்டு எழும்பி மெதுவாக அலைந்தது. ஒரு கை வயிற்றில். மற்றது அவன் சட்டையில்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். தூக்கினான். இரண்டு ஆள் கனம். சாலை ஓரத்தில், காய்ந்த மண்ணில், மடியில் போட்டுக்கொண்டான்.

"கனி. மூச்சு விடு. வெளிய வந்தாச்சு. மூச்சு விடு."

அவள் விடவில்லை. அவன் சட்டையை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். தூக்கு என்று அர்த்தம். தூக்கியாயிற்று. இன்னும் எங்கே தூக்குவது?

அவள் உதட்டோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி, காய்ந்த காற்றில் மெதுவாக மேலே போனது. அதன் பின்னால் இன்னொன்று, மிகச் சின்னதாக.