வலது முள்

சத்தமே இல்லை. ஆனால் முள் ஆடிக்கொண்டிருந்தது.

முஆத் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு டெக்கின் முகத்தைக் குனிந்து பார்த்தான். ஜப்பானில் செய்த பழைய கேசட் டெக். முன்பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். இடது பக்கத்து ஒலிக்கு இடது முள், வலது பக்கத்துக்கு வலது முள். சத்தம் ஏறினால் முள் ஏறும், சத்தம் நின்றால் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. இப்போது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் நாடா உரசுகிற மெல்லிய இரைச்சலும், வெளியே கார்த்திகை மழை தகரத்தில் விழுகிற சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. இடது முள் சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்திருந்தது. வலது முள் மட்டும் எழுந்தது, தாழ்ந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி எழுந்தது.

பழைய சாமானுக்கு வியாதி வருவது புதிதல்ல. மேலப்பாளையத்தில் அவன் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு காலத்தில் சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் பச்சைப் பிள்ளையைப் போல அணைத்துக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரும் டெக்கும் ஸ்பீக்கரும் இப்போது அந்தந்த வீட்டுப் பரண்களில் பல்லி முட்டையோடு கிடந்தன. முஆத் அவற்றை வாங்கி, தூசி தட்டி, பெல்ட் மாற்றி, ஓடவிட்டு வீடியோ எடுத்துப் போடுவான். சென்னையிலும் கொச்சியிலும் இருக்கிற ஹை-ஃபை பைத்தியங்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். பைத்தியங்கள் என்று அவன் சொல்வது வாஞ்சையோடுதான். அவனும் அதில் ஒரு ஆள்.

அவன் வீடியோவுக்கு ஒரு முத்திரை உண்டு. டெக் ஒழுங்காகப் பதிவு செய்கிறதா என்று காட்ட, மகள் சபீதாவை மைக் முன்னால் நிறுத்துவான். "அஸ்ஸலாமு அலைக்கும். இது எங்க வாப்பா கடை," என்று அவள் சொல்லுவாள். பிறகு நாடாவைப் பின்னால் சுற்றி, அதே குரலை டெக் திருப்பிச் சொல்வதைக் காட்டுவான். வாங்க வருகிறவர்கள் சாமானை விட்டுவிட்டுப் பிள்ளையை விசாரிப்பார்கள்.

சபீதா பேசுவாளா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் தெருவை இரண்டுபடுத்தியபோது அவள் வாயே திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்காக அவளைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு அலைந்த நாட்களில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை 'வாப்பா' என்று கூப்பிட்டால் முஆத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். பிறகு ஒரு நாள், இதே முன்னறையில், ஸ்பீக்கரின் முன்துணியில் வாயை வைத்துக்கொண்டு அவள் 'வாப்பா' என்றாள். அன்று திறந்த வாய் மூடவில்லை. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். அந்தக் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அல்லாவிடம் வேறொன்றும் கேட்கவேண்டாம் என்றிருந்தான் முஆத்.

இந்த டெக் ஏர்வாடியில் ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது. விற்றவன் வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் இருந்தான். உள்ளே ஒரு கேசட் சிக்கிக் கிடந்தது; மேலே பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. புதுக் கேசட் இப்போது யார் விற்கிறார்கள்? டெக்கோடு வருகிற கேசட்டிலேயே சோதனைப் பதிவு செய்வது முஆதின் வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை அமுக்கி மகளைப் பேசவிட்டான். அவள் பேசி முடித்த பிறகு பொத்தானை அணைக்க மறந்து சாப்பிடப் போய்விட்டதில், கேசட்டின் அந்தப் பக்கம் முழுவதும் அழிந்துபோயிருந்தது.

மைக்கை இடது பக்கத்தில்தான் செருகியிருந்தான். சபீதாவின் குரலுக்கு இடது முள் ஆடவேண்டும், ஆடியது. வலது பக்கம் வெறும் நாடா. அதில் எதுவும் இருக்க முடியாது.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தான். வேறு கேசட்டைப் போட்டான். இரண்டு முள்ளும் ஒழுங்காக இருந்தன. பழைய கேசட்டைத் திரும்பப் போட்டான். சபீதாவின் சலாம் வந்தது, முடிந்தது, இரைச்சல் தொடங்கியது, வலது முள் எழுந்தது. அது சும்மா நடுங்கவில்லை. பாட்டுக்கு முள் ஆடுகிற விதம் வேறு, பேச்சுக்கு ஆடுகிற விதம் வேறு. இத்தனை வருடத்தில் அது அவன் கண்ணுக்கு நன்றாகப் பழகியிருந்தது. தொடங்கி, மூச்சு வாங்கி, ஒரு வார்த்தையைத் தேடி நின்று, கிடைத்ததும் மேலே ஏறி. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சபீதா பள்ளிக்கூடம் கிளம்பி வாசலில் நின்று வழக்கம்போல சலாம் சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"தொண்டை கெட்டிருக்கு மச்சான். மழத் தண்ணியக் கைல புடிச்சுக் குடிக்குதா, சொன்னாக் கேக்குதாளா?" என்றாள் அவன் மனைவி ருக்சானா, மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து.

"போயிட்டு வாரேன் வாப்பா," என்றாள் சபீதா. அது தெளிவாகத்தான் வந்தது. டெக்கில் பதிந்த அந்தச் சலாம் மட்டும்தான் வரவில்லை. முஆதுக்கு அது புரிந்தது. புரிந்ததை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டினான்.

அன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்த நேரத்தில் ஒரு மூதாட்டி குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். வெள்ளைத் துப்பட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஏர்வாடியிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பதாகவும், பெயர் மஹ்மூதா பீவி என்றும் சொன்னாள். ஏர்வாடி என்ற பெயரைக் கேட்டதும் முஆத், ஏனென்று தெரியாமலே, தூசித் துணியை எடுத்து அந்த டெக்கின் மேல் போட்டான்.

"டெக்கு எனக்கு வேண்டாம் தம்பி. கொழுந்தன் மவன் என்ட்ட ஒரு வார்த்த கேக்காம வித்துட்டான், போவட்டும். அதுக்குள்ள ஒரு கேசட்டு கெடந்துச்சுல்லா, அத மட்டும் தந்துருங்க."

"கேசட்டு ஒண்ணும் இல்லியே பெரியும்மா. காலியாத்தான் வந்துச்சு."

பொய் எச்சில் விழுங்குவதுபோல எளிதாக வந்தது. அழித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்காமல், துணி போர்த்தியிருந்த டெக்கைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பம் போனு ஏது. கேசட்டுதான் கடுதாசி. எங்க வீட்டுக்காரரு சவூதில இருந்து பேசி, ஊருக்கு வாற ஆள்ட்ட குடுத்து விடுவாரு. நான் கேட்டுட்டு, அது மேலயே எம் பேச்சப் புடிச்சு, போற ஆள்ட்ட குடுத்து விடுவேன். ஒரே கேசட்டுதான் போவும், வரும். நான் பேசுனா அவரு கொரலு அழிஞ்சிரும். அவரு பேசுனா எங்கொரலு அழிஞ்சிரும். எப்பமும் ஒருத்தருதான் அதுல இருக்க முடியும்."

முஆத் தூசித் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டான்.

"கடைசியா வந்ததுக்கு நான் பதிலு பேசல. புள்ளையப் பேச வச்சு அனுப்புன்னு கேட்டிருந்தாரு. அவரு மொகம் பாக்காத புள்ள. பொம்பளப் புள்ள. கேசட்டு வந்து சேருததுக்குள்ள அது காய்ச்சல்ல மௌத்தாயிட்டு. நான் எதப் புடிச்சு அனுப்புவேன்? சொல்லவும் மனசு வரல. அவரு காத்துக் காத்து அங்கனயே மௌத்தாயிட்டாரு." துப்பட்டியின் நுனியால் வாயைத் துடைத்தாள். "அத நான் ஆர் கையிலயும் குடுத்தது இல்ல தம்பி. அவரு இன்னும் பதிலுக்குத்தான் காத்திருக்காரு. வேற ஆரும் அது மேல பேசிறக் கூடாது. பேசலல்லா?"

"இல்ல பெரியும்மா."

அவள் எழுந்தாள். துணியினூடே மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

உள்வாசல் திரைக்குப் பின்னால் ருக்சானா நின்றிருந்தாள். "குடுத்துருங்க மச்சான். அழிஞ்சது அழிஞ்சு போச்சு, மன்னிப்புக் கேட்டுக் குடுத்துருங்க."

"நாளைக்கு," என்றான்.

ஆனால் நாளைகள் வேறு மாதிரி வந்தன. சபீதாவின் பேச்சில் ஓட்டைகள் விழுந்தன. 'கடை' என்ற சொல் போனது. 'எங்க' போனது. வாக்கியத்தின் நடுவில் உதடு மட்டும் அசைந்து, பிறகு குரல் வந்து சேர்ந்தது. அவளே அதில் குழம்பி, காதைத் தேய்த்துக்கொண்டு, சொன்னதையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பாளையங்கோட்டை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். திரும்பி வரும்போது தாமிரபரணியில் பாலத்தைத் தொடுகிற அளவுக்குச் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சபீதா ஜன்னலில் முகத்தை அழுத்தி எதையோ சொன்னாள். அது ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லையா, இல்லை வரவே இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கேசட்டைப் போட்டான். மகளின் சலாம் இருந்த இடத்தில் இடது முள் மட்டும் எழுந்து தாழ்ந்தது. குரல் இல்லை. அதற்கப்புறம் இரைச்சல். சூடேறிய தூசியின் வாசனை எப்போதும் டெக்கிலிருந்து வரும். இன்று அதற்கடியில் அத்தர் வாசனையும், நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற மக்கலும் இருந்தன. வலது காதில், வெகு தூரத்தில், ஒரு ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டான். பேசத் தொடங்குவதற்கு முன் செருமுவதுபோல.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். கேசட்டை உடைத்து ஆற்றில் போட்டுவிடலாம் என்று கை துடித்தது. ஆனால் பிள்ளையின் குரல் அதற்குள் அல்லவா கிடக்கிறது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. டேப் பழுது பார்க்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. மேலே பதிவாவது கீழே இருப்பதை அழிக்கும், கிழவியே சொன்னாளே. அந்த ஆள் காத்திருப்பதே ஒரு பிள்ளையின் குரலுக்குத்தான் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அது அவன் நினைவுக்கு வரவில்லை. சபீதா இன்னும் சத்தமாக, இன்னும் நிறையப் பேசினால் அந்த ஆள் அழிந்துபோவான். பிறகு கேசட்டை ஏர்வாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, காலில் விழுந்துவிடலாம்.

அந்தி சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. தெருவில் மழைக்கு அடங்கின வெளிச்சம். ருக்சானா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். சபீதாவைத் தூக்கி முக்காலியில் உட்கார வைத்து, மைக்கை அவள் வாயருகே நிறுத்தி, பதிவின் அளவைக் கடைசிவரை திருகினான்.

"பேசு பாப்பா. என்ன வேணும்னாலும் பேசு."

அவள் பேசினாள். இருக்கிற குரலையெல்லாம் கூட்டிப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் ரீபா டீச்சர் புதுச் செருப்புப் போட்டு வந்தது, பூனை அடுக்களையில் குட்டி போட்டது, ஆற்றில் ஒரு வாழைமரம் மிதந்து போனது. இடது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு ஆடியது. வலது முள் அசையவில்லை. முஆதுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்படித்தான். பைய இல்ல, சத்தமா. இன்னும் கொஞ்சம்," என்றான். அவள் குரல் மெலிந்தது. களைத்துவிட்டாள் என்று நினைத்தான். "இன்னும் கொஞ்சம்."

குரல் இழையாகியது.

"இன்னும் கொஞ்சம் பாப்பா."

உதடு மட்டும் அசைந்தது.

இடது முள் ஆடிக்கொண்டே இருந்தது.

அவன் மைக்கைத் தட்டிவிட்டான். அவளைத் தோளில் பிடித்து உலுக்கினான். "சபீதா. வாப்பான்னு சொல்லு. சொல்லு." வாய் திறந்தது. மூச்சுக் காற்று. வேறொன்றும் இல்லை. நாடாவைப் பின்னால் சுற்றினான். ஓடவிட்டான்.

இரைச்சல்.

பிறகு அந்தச் செருமல்.

பிறகு ஒரு ஆணின் குரல், அறைக்குள் நிற்கிறவனுடையதுபோல, ஈரமாக, சந்தோஷமாக.

"கேட்டுச்சு மவளே. எவ்வளவு அழகாப் பேசுத. இன்னும் பேசு."

ருக்சானா தொழுகைத் துப்பட்டியோடு திரையை விலக்கி ஓடிவந்தாள். மகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?" என்றாள். அவன் கை சுவரிலிருந்த சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தினால் டெக் நின்றுவிடும். நின்றுவிட்டால் சபீதாவின் குரல் எங்கே போகும்? விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

கேசட்டின் ஒரு பக்கம் முடிந்தது. டக். டெக் தானாகவே மறுபக்கத்துக்கு மாறி ஓடத் தொடங்கியது. ஆண் குரலும் நின்றுபோனது. மழை மட்டும். இரண்டு மஞ்சள் ஜன்னல்கள்.

சபீதா முக்காலியிலிருந்து இறங்கினாள். பயப்படவில்லை. ஸ்பீக்கரின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வலது முள் எழுந்து, தாழ்ந்து, நின்றது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏதோ வேடிக்கையான சேதியைக் கேட்டதுபோலச் சிரித்தாள், சத்தமில்லாமல்.

"பாப்பா," என்றான் முஆத். "வாப்பா இங்கன இருக்கேன்."

அவள் திரும்பவில்லை. ஸ்பீக்கரின் முன்துணியில் வாயை வைத்தாள். உதடுகள் திறந்தன, ஒட்டின, திறந்தன. அவன் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அந்த ஒரு சொல்.

இடது முள் எழுந்தது.

வலது முள் பதில் சொன்னது.