பட்டியலில் பெயரில்லாத வரி

இலிங்கா இரண்டு பெட்டிகளோடு ஆற்றங்கரை ஊரான பிரைலாவுக்கு வந்து சேர்ந்தபோது நவம்பர் மழை பிடித்திருந்தது. கணவன் த்ராகோஷின் வீடு நான்காம் மாடியில். படிக்கட்டு முழுக்க முட்டைக்கோஸ் ஊறுகாயின் புளித்த வாடை. இருவருக்குமே இது இரண்டாவது திருமணம். அவளுடைய முதலாவது, கணவனின் போனில் கேட்ட ஒரு பெண்குரலோடு முடிந்திருந்தது. இன்னொரு முறை அதைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

த்ராகோஷின் முதல் மனைவி வெதூரியாவின் பொருள் எதுவும் வீட்டில் இல்லை. அவள் இறந்த நாற்பதாம் நாள், கோட்டு, செருப்பு, வாணலி என்று ஒவ்வொன்றோடும் ஒரு மெழுகுவர்த்தியும் ரொட்டியும் சேர்த்து அக்கம்பக்கத்தாருக்குத் தானம் கொடுத்துவிட்டான் த்ராகோஷ். அப்படிக் கொடுப்பதுதான் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கணினி மட்டும் மூலையில் நின்றது.

“இதக் குடுக்கலயா?”

“யாருக்குக் குடுக்க? ரெண்டாம் மாடி அக்லாயா அத்தைக்கா? அந்தம்மா இது மேல ஊறுகாய் ஜாடி வைக்கும். வெதூரியா கேம் ஆடறதுக்குன்னே தனியா நெட்வொர்க் கார்டெல்லாம் வாங்கிப் போட்டிருந்தா. நீயும் ஆடுவியே, வச்சுக்கோ.”

வைத்துக்கொண்டாள்.

த்ராகோஷுக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. பகலில் திரையை இழுத்துவிட்டு உள்ளறையில் தூங்குவான். அந்த நேரம் இலிங்கா பழைய ஊர்த் தோழி லவீனியாவோடு இணையத்தில் கேம் ஆடுவாள். தினமும் சரியாக மூன்றரைக்கு ஆட்டம் திக்கும். அவள் சுட்டது கிளம்புவதற்குள் அவளை யாராவது சுட்டிருப்பார்கள்.

“உன் நெட்டு ஆத்துல நீந்தி வருதா?” என்பாள் லவீனியா, ஹெட்போன் வழியாகக் காதுக்குள்.

கேபிளை மாற்றினாள். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டாள். கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாள். கடைசியில் அந்தக் கார்டோடு வந்த சாஃப்ட்வேரைத் திறந்தாள். இருக்கிற இணைய வேகத்தில் எதற்கு எவ்வளவு பங்கு, எது முந்திப் போக வேண்டும் என்று வரிசை போடும் பட்டியல் அது. உச்சியில் பெயரில்லாத ஒரு வரி இருந்தது. அது எதையும் வாங்கவில்லை. அனுப்பிக்கொண்டே இருந்தது.

அதைக் கடைசிக்கு இழுத்துவிட்டு, பங்கைப் பூஜ்யமாக்கினாள்.

மறுநாள் மூன்றரைக்கு அது மறுபடி உச்சியில் இருந்தது.

எங்கே போகிறது என்று ரவுட்டரில் தேடினாள். வெளியே போகவில்லை. உள்ளறையில் இருக்கும் த்ராகோஷின் போனுக்குப் போனது.

யாரோ ஒருத்தி இந்தக் கணினி வழியாக அவனோடு பேசுகிறாள், போன் பில்லில் தெரியக் கூடாதென்று. இப்படித்தான் அவள் மனம் முதலில் ஓடியது. சந்தேகம் அவளுக்குப் பழைய ஸ்வெட்டர் மாதிரி. அரிக்கும், ஆனால் உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதைப் போட்டுக்கொண்டதும் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் மூன்றரைக்கு உள்ளறைக் கதவருகே போய் நின்றாள். உள்ளே இருட்டு. யாருடையதோ ஈரத் தலைமுடியின் வாசனை.

“ம்... குளிரல...” என்றான் த்ராகோஷ், தாழ்ந்த குரலில்.

கதவைத் தள்ளினாள். “யாரு அது?”

போனைக் காதில் வைத்தபடியே கண்ணைச் சுருக்கினான். “யாரா? நீதான்.”

“நான் இங்க நிக்கறேன், த்ராகோஷ்.”

அவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது.

“தினமும் அந்த ரூம்லேருந்து நீதானே கூப்பிடற? ஹெட்போன மாட்டிக்கிட்டு மெதுவாப் பேசறேன்னு நெனச்சேன்.”

“நான் என்ன கேப்பேன்?”

“போர்வ பத்துதான்னு கேப்ப. அப்புறம்...”

“அப்புறம்?”

“வந்திருக்கறவ எப்பப் போவான்னு கேப்ப. கேம்ல யாரையோ சொல்றேன்னு விட்டுட்டேன்.”

“நீ என்ன சொன்ன?”

அவன் போர்வையை இழுத்து விரல்களுக்குள் சுருட்டினான்.

“சீக்கிரம்னேன். தூக்கக் கலக்கம், இலிங்கா.”

மறுநாள் காலை கார்டைக் கழற்றி, ஒரு ரொட்டியின் மேல் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி இருவரும் இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

“இத வச்சு நான் என்னடா பண்ண, பீரங்கி சுடவா?” என்ற அக்லாயா அத்தை, மெழுகுவர்த்தியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கினாள். “அவளுக்குப் போய்ச் சேரட்டும்.” கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். “ரெண்டு வருஷம் கழிச்சாடா குடுப்ப? இவ்ளோ நாள் இங்கயே இருந்து பழகிட்டாளே.”

அன்று மதியம் கணினியோடு கூடவே வந்த சாதாரண இணைப்பில் ஆட்டம் ஒருமுறைகூடத் திக்கவில்லை. மூன்றரை கடந்தது. நாலும் ஆனது. இலிங்கா நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு எழுந்தாள்.

சமையலறையில் த்ராகோஷ் விழித்து உட்கார்ந்திருந்தான். போன் கையில் இல்லை.

“டீ போடட்டுமா?”

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மெல்லத் தலையாட்டினான்.

“த்ராகோஷ்.”

நாற்காலியை நோக்கி ஏதோ முணுமுணுத்தான். லேசாகச் சிரித்தான்.

அவள் அவன் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து பெயரைச் சொன்னாள். அவன் நாற்காலிப் பக்கம் சொன்னதை முழுவதும் கேட்டு முடித்தான். பிறகு நிதானமாக இவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“ம்? நீயும் ஏதாவது சொன்னியா?”