ஒன்பதாம் நம்பர் வீடு

"வெளியூர்க்காரங்க அப்படி ஓரமா உக்காருங்க. தேத்தண்ணி கலக்கித் தர்றேன்..."

நாகரத்தினம் இதைச் சொன்னது வேறு யாரிடமும் இல்லை, சொந்தத் தம்பி பெண்டாட்டி சுபத்ராவிடம்தான்! பதினாறு வருஷம் சுபத்ரா கோலம் போட்டுக் குடித்தனம் நடத்திய அதே ஒன்பதாம் நம்பர் எஸ்டேட் லயத்து வீட்டில் வைத்து! நாகரத்தினத்தின் வாய் ஒன்று போதும், எஸ்டேட்டில் சங்கே ஊத வேண்டாம்.

விடிந்தும் விடியாததுமாக ஈப்போ டவுனில் காடியைக் கிளப்பி, கம்போங் ராஜா வழியாக மலையேறி வந்திருந்தார்கள், சுபத்ராவும் மகள் துளசியும். எஸ்டேட் கோயில் திருவிழா. நாகரத்தினத்தின் மகன் குகன் போன் மேல் போன் போட்டு அழைத்திருந்தான். பதினான்கு வருஷத்தில் அவர்கள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

துளசி தாயை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"இதுக்குத்தான் வர வேணாம்னேன்! ஆனா அத்தைய மட்டும் குத்தம் சொல்லி என்னம்மா? அன்னிக்கு அப்பா செத்து நாப்பது நாள்கூட ஆகல. டவுன்தான் வேணும்னு மூட்டையக் கட்டினது நீங்கதானே? எனக்குப் பன்னெண்டு வயசு! நீங்க சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவி, நான் ஒரே ரூம்புல தனியா கெடந்து... அப்படி என்னம்மா வீம்பு?"

பெற்ற மகளே கேட்டுவிட்டாள்! உண்மையைச் சொல்ல சுபத்ராவுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனாலும் தேத்தண்ணி குடிக்க உள்ளே திரும்பினாள்.

எஸ்டேட் வேலை யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் லயத்து வீடு. அது எஸ்டேட் வழக்கம். கணவன் மகேஸ்வரன் மாரடைப்பில் போனதும், புதிதாக வந்த மேனேஜர் துரை சுபத்ராவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வேலையும் வீடும் அவளுக்கு. ஆனால் ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான், கூட இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்றார். கூட இருந்தது யார்? லோரியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையான புருஷனோடும், இரண்டு பெண் பிள்ளைகளோடும், பதினெட்டு வயது குகனோடும் தம்பி வீட்டில் ஒண்டியிருந்த நாகரத்தினம்.

'எனக்குக் கை காலு நல்லாருக்குங்க. ஒரே புள்ள. குகன் பேரப் போடுங்க' என்றாள் சுபத்ரா. துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற குகனிடம் அங்கேயே சத்தியம் வாங்கினாள். 'உங்கம்மாவுக்குத் தெரியவே கூடாது.' அன்று மூடிய வாய்தான்.

பகல் பதினொரு மணிக்குக் கோயில் முன்னால் பொங்கல் அடுப்புகள் தயாராயின. வீட்டு நம்பர்ப்படிதான் வரிசை. எந்த வீட்டுக்கு யார் உரிமைக்காரியோ அவள்தான் சூடம் கொளுத்தி அடுப்பு மூட்ட வேண்டும். நாகரத்தினம் தீப்பெட்டியோடு குனிந்தாள். குகன் அவள் கையைப் பிடித்தான். இப்போது முப்பது பேரை வேலை வாங்கும் மண்டோர் அவன், தாயிடம் கெஞ்சும் குரலில் பேசினான்.

"இருங்கம்மா. சுபத்ரா அத்தை மூட்டட்டும்."

"என்னடா ஒளர்ற? வீட்ட ஒதறிட்டுப் போனவளா மூட்டணும்?"

"குகா, வேணாம்யா..." சுபத்ரா பதறினாள்.

"பதினாலு வருஷமா நானும் சும்மா கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் அத்தை. போதும்லா! அம்மா, அவங்க ஒதறிட்டுப் போகல. தொர அவங்களுக்குக் குடுத்த வீடு, வேல... நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டையும் என் பேர்ல எழுதிட்டு வெறுங்கையோட போனாங்கம்மா! இன்னிக்கு நாம சாப்பிடுற சோறு அவங்க போட்டது!"

நாகரத்தினம் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி! ஊரெல்லாம் உன்னத் தூத்தினேனே... ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த வீட்ல ஒரு நாளு தங்கியிருப்பீங்களா அண்ணி? உங்க ரோஷம் எனக்குத் தெரியாதா? படுத்த மனுஷனத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நின்னிருப்பீங்க."

நாகரத்தினம் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தானே சூடத்தை எடுத்துச் சுபத்ராவின் உள்ளங்கையில் வைத்தாள். சுபத்ரா நிமிர்ந்து ஒருமுறை சாமியைப் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள்.

பால் சூடேறும்வரை துளசிக்குத் தாயின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா... காலையில என்னென்ன பேசிட்டேன்!"

"சொல்லிக் காட்டிட்டா அது குடுத்ததா ஆகுமாடி? கண்ணத் தொடச்சுக்க. பால் பொங்குது பாரு."

குலவைச் சத்தம் எழுந்தது. அடுத்த அடுப்பிலிருந்த காளியம்மா எஸ்டேட்டுக்குப் புதியவள். துளசியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எந்த வீட்டுப் புள்ளம்மா?"

மேளத்தையும் மீறி வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி துளசி பதில் சொன்னாள்.

"நான் சுபத்ரா மக!"