என் பக்கமாக மடித்த இலை

நவம்பர் 19, புதன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சாப்பிட்டதும் இலையை என் பக்கமாக மடித்துவிட்டேன்.

மாலை வகுப்புக்காக நானும் சாஹிலும் ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய்க்கொண்டிருந்தோம். ஜி.எஸ்.டி. சாலையில் மழைத் தண்ணீர். முடிச்சூர் வழியாக வண்டியைத் திருப்பினேன். வழியில் ஒரு பழைய வீட்டில் மெஸ் நடந்தது.

புது இடத்தில் சாப்பிடுவதற்கு முன் நான் எச்சில் இலைத் தொட்டியைப் பார்ப்பேன். இலைகள் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கும். இங்கே அப்படித்தான் இருந்தன. எல்லாமே எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிப்பதுபோல் மடிக்கப்பட்டிருந்தன. வழக்கம் தெரியாத வெளியூர்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. சுவரில், தலைக்கு மேலே, வெள்ளம் நின்ற கோடு. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

"மச்சான், ரசம் செமடா. உன் தொட்டி ஆராய்ச்சிய இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்" என்றான் சாஹில். பிறகு, "இலைய எந்தப் பக்கம் மடிக்கணும்? எங்க வூட்ல தட்டுதான்."

என் இலையைக் காட்டினேன். அதேபோல் மடித்தான்.

பரிமாறிய அம்மாள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "வர்றேன்னு மடிச்சிட்டீங்க. வந்துடணும்."

அப்போதுதான் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

வகுப்பு இடைவேளையில் டீ குடித்தோம். "சேறு மாதிரி கீது" என்று துப்பினான் சாஹில். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வீடு திரும்பிச் சற்று நேரத்தில் அவன் அம்மா ஜஹீரா போன் செய்தார். "பிரியாணிய வாயில வெச்சுத் துப்பிட்டான்பா. பசிக்குதுன்னு வண்டிய எடுத்துக்கினு போனான். உன்கூடவா கீறான்?"

நேரமாகியும் அவன் போனை எடுக்காததால், நானும் அவன் அம்மாவும் போலீசாரோடு முடிச்சூர் மெஸ்ஸுக்குப் போனோம். வாசலில் அவன் வண்டி நின்றது. கதவில் துருப்பிடித்த பூட்டு.

உடைத்தார்கள்.

உள்ளே யாரும் இல்லை. தரை முழுக்கக் காய்ந்த வண்டல். காலடித் தடம்கூட இல்லை. அதன்மேல் இரண்டு இலைகள். ஒன்று வழித்துச் சாப்பிட்டு, உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

மற்றது விரிந்து கிடந்தது. கான்ஸ்டபிள் விரலால் தொட்டார்.

"இன்னாபா இது, சோறு சுடுது?"

தொட்டியில் கிடந்த இலைகளை மடித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

தண்ணீர்கூடச் சேறாக இறங்குகிறது. இதை எழுதும் கையில் ரச வாசனை. கழுவியும் போகவில்லை.

நாளை முடிச்சூர் போக வேண்டும். என் இலையில் உட்கார வேண்டும். முடித்ததும் முதலில் சாஹிலின் இலையை எடுத்து எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். பிறகு என்னுடையதை.