உடை மாற்றும் அறையின் கதவு

அக்காவும் தம்பியும் ஹாக்கி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். தேசிய அணியின் கோல்கீப்பரான தம்பி, தன் கையுறைகளைக் காட்சிக்குக் கொடுக்க வந்திருந்தான். அம்மா போனபின் அவனை ஆளாக்கியவள் அக்காதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சாயங்காலம் அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போவாள்.

“இந்த நாத்தம் பிடிச்ச கையுறையைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்களா? வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுதான் பாக்கணும்.”

“உனக்குப் பொறாமைக்கா.”

காப்பாளர் அம்மாள் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அங்கே ஒரு காலத்தில் பெரிய விளையாட்டரங்கம் இருந்ததாம். அதை இடித்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் மன்றாடித் தங்கள் உடை மாற்றும் அறையை மட்டும் காப்பாற்றினார்கள். அதைச் சுற்றித்தான் அருங்காட்சியகம் எழும்பியது. மேல்தளத்தில் கோப்பைகள், மட்டைகள், நாடு கொண்டாடிய வீரர்களின் வெண்கலத் தலைகள். கீழே, நீண்ட நடையின் கோடியில், அந்த அறை.

இறங்க இறங்க வெளிச்சம் மங்கியது. ஈரத் தோல், பழைய வியர்வை, சுளுக்குத் தைலம் எல்லாம் கலந்த வாடை. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. கரிந்த மரம்.

சுவரோரம் பெஞ்சுகள். மேலே வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீரரின் படம். ஒன்றுக்கு மட்டும் படம் இல்லை.

“இது யாரோடது?” என்றான் தம்பி.

காப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு கோல்கீப்பரோடது. இறுதி ஆட்டத்துல கடைசி நிமிஷத்துல பந்தை விட்டுட்டாரு. கூட்டம் அடிச்சே கொன்னுடும்போல இருந்துச்சு. அவரைக் காப்பாத்தத்தான் கூட ஆடினவங்க இங்க வச்சுப் பூட்டினாங்க. கூட்டம் போனதும் வந்து திறக்கிறோம்னு சொன்னாங்க.”

“திறந்தாங்களா?”

“கூட்டம் அரங்கத்துக்கே தீ வச்சிருச்சு. எல்லாரும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிட்டாங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை சொன்னாங்க.” விரலால் மேல்தளத்தைக் காட்டினார். “ஓடினவங்கதான் மேல வெண்கலமா இருக்காங்க.”

தம்பியின் முகம் இறுகியது. “ஒரு கோலுக்கா?” என்றவன், படம் இல்லாத கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்தான். “அக்கா, இங்க வச்சு என்னை ஒரு படம் எடு.”

முழு உருவமும் விழவேண்டுமென்று அவள் பின்னால் நகர்ந்து நடைக்கு வந்தாள். காப்பாளரும் ஒதுங்கி வெளியே வந்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றே இல்லை.

“டேய், விளையாடாதே.” கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை.

“நான் சாத்தலக்கா. நீதானே சாத்தின?”

“இதுல பூட்டே கிடையாதும்மா,” என்றார் காப்பாளர். “கழட்டி எவ்வளவோ காலமாச்சு.”

அக்கா கதவில் கை ஊன்றித் தோளால் இடித்தாள். மரம் சுட்டது. சமையலறையில் வெறுங்கையால் சட்டியைத் தொட்டதுபோல் உள்ளங்கை பொரிந்தது.

“அக்கா, புகையா வருது.”

“துணியை நனைச்சு மூக்குல வச்சுக்கோ! தரையோட படுத்துக்கோ!”

“தண்ணி இல்லக்கா.”

காப்பாளர் ஓடிப்போய்க் காவலாளியை அழைத்து வந்தார். கடப்பாரை சட்டத்தில் பட்டு வழுக்கியது. அக்கா நகத்தால் இடுக்கைப் பிளந்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது, அவளுக்கு உறைக்கவில்லை. உள்ளே இருமல். பிறகு கதவைத் தட்டும் ஓசை. பிறகு அதுவும் தேய்ந்தது.

“அவனை விட்டுடுங்க,” என்று கதவோடு முகம் வைத்துக் கெஞ்சினாள். “அவன் உங்களை ஒண்ணும் பண்ணலையே. எனக்கு வேற யாருமில்லங்க.”

கதவு தானாகத் திறந்தது.

புகை இல்லை. தம்பி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அவள் பாய்ந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கையைப் பிடித்து நடைக்கு இழுத்து வந்தாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

“அக்கா!”

குரல் உள்ளிருந்து வந்தது.

காவலாளியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது. அக்கா கதவைத் தள்ளினாள். இம்முறை இலகுவாகத் திறந்தது. வெறும் அறை. சாத்தினாள்.

“அக்கா, போயிடாதே.”

திறந்தாள். யாருமில்லை.

பக்கத்தில் நின்றவன் வியப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தோளில் மெல்லக் கை வைத்தான்.

“வாங்க, போகலாம்,” என்றான்.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளை வா, போ என்றே அழைத்தவன்.

அவன் இப்போது வீட்டில் இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், முன்பைவிட நன்றாக ஆடுகிறான். ஒரு பந்தும் அவனைத் தாண்டுவதில்லை. “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று மரியாதையாகக் கேட்கிறான். அக்கா என்று மட்டும் அழைப்பதில்லை. அவள் அவனைக் காட்டாத மருத்துவர் இல்லை. அதிர்ச்சி, நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள்.

அந்தக் கதவையே பெயர்த்தெடுக்க அருங்காட்சியகத்தார் முடிவு செய்தபோது, அவள் காப்பாளரின் காலில் விழுந்தாள். கதவு திறந்திருந்தால் அந்தக் குரல் கேட்பதில்லை. சாத்தினால்தான் கேட்கும். அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள, அவளே தன் கையால் அவனை உள்ளே வைத்து அடைக்கவேண்டும்.

நேற்றும் போனாள். சாத்தினாள். சூடான மரத்தில் கன்னத்தை வைத்தாள்.

“வந்துட்டியாக்கா?”

“வந்துட்டேன்டா.”

நெடுநேரம் இருமல். பிறகு, பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோல், தம்பி கிசுகிசுத்தான்.

“அந்தக் கோல்கீப்பரு இன்னும் இங்கதான் இருக்காருக்கா. கேக்கச் சொல்றாரு. வெளியில கூட்டம் போயிடுச்சான்னு.”